தம்பி பொய் சொல்லவில்லை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"என் தம்பிக்கு 19 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், நண்பனுடைய மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் பின்னால் அமர்ந்து போய் விபத்தில் சிக்கினான். கண்டியில் தலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தான். இப்போது நடக்கிறான், பேசுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். பார்ப்பவர்கள் சுகமாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் சொன்னது அவன் மனதில் நிற்பதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறான். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறான். லயத்துப் பெரியவர்களிடம் கூசாமல் எதையும் பேசிவிடுகிறான். கேட்டால், 'எனக்கு ஒன்றுமில்லை, கால்தான் கொஞ்சம் இழுக்கிறது' என்பான். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு பழைய கடைக்கே போனான். ஒரு வாரத்தில் முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். 'அவருக்கு என்னைப் பிடிக்காது' என்கிறான். மறுபடி கொழும்புக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். அப்பா இதெல்லாம் திமிர் என்கிறார். அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து உட்கார்ந்து அழுகிறார். அவன் செய்யும் பிழைகளை நான் ஒரு கொப்பியில் எழுதி வாசித்துக் காட்டினேன். கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டான். தெரிந்தே மறைக்கிறானா? அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கொழும்புக்கு அனுப்பலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அதற்கான அடையாளம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கால் இழுப்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். குறையை மறைக்க நினைக்கும் 19 வயது இளைஞர் முதலில் மறைப்பது நடையைத்தான். மூளையில் பலத்த காயம் பட்டவர்களிடம் நான் அடிக்கடி காண்பது இது. கை, கால், பார்வை ஆகியவற்றின் குறை அவர்களுக்குத் தெரிகிறது. மறதியும் கோபமும் நிதானமிழப்பும் தெரிவதில்லை. கால் இழுப்பதை ஒவ்வொரு அடியிலும் உடம்பு சொல்லிவிடுகிறது. மறதியைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பாலை மறந்தவருக்கு, மறந்தோம் என்பதும் சேர்த்தே மறந்துபோகிறது.

இதற்கு உடல்ரீதியான காரணம் இருக்கிறது. ஓடுகிற வண்டியிலிருந்து விழும்போது தலை எந்தப் பக்கம் அடிபட்டாலும், மண்டைக்குள்ளே மூளை அசைந்து எலும்பில் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னாலும் கண்குழிக்கு மேலும் உள்ள எலும்பு கரடுமுரடானது. அதனால் மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியின் முனையும்தான் பெரும்பாலும் சிதைகின்றன. திட்டமிடுவது, வாய்க்கு வந்ததை அடக்குவது, கோபத்தைக் கட்டுவது எல்லாம் முன்பகுதியின் வேலை. செய்துகொண்டிருக்கும்போதே நம்மை நாமே கவனித்துத் திருத்திக்கொள்வதும் அதன் வேலைதான். ஆக, பிழையை உண்டாக்கிய காயமே, பிழையைக் காணும் திறனையும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு பக்கம் முற்றிலும் செயலிழந்த நோயாளிகள், தங்களுக்கு எதுவுமே இல்லை என்று மனமாரச் சொல்வதை பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914இலேயே பதிவுசெய்து அதற்கு ஒரு மருத்துவப் பெயரும் கொடுத்தார். திமிருக்கு அதில் இடமில்லை என்பதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு வாரமும் நீங்கள் வார்டு வாசலில் நின்றீர்கள். குழாய் வழியாக உணவு போனதையும், கண் திறந்த பிறகு சில நாட்கள் ஆள் தெரியாமல் உளறியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தம்பி பார்க்கவில்லை. பலத்த அடி பட்டவர்களுக்கு நினைவில்லாத நாட்களும், அதைத் தொடர்ந்த குழப்பமான நாட்களும் மூளையில் பதிவதே இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தது நினைவிருக்கும். அதன் பிறகு வீட்டில் படுத்திருந்தது நினைவிருக்கும். நடுவில் வெற்றிடம். தன் நோயைத் தானே காணாத ஒருவரிடம் 'நீ எப்படி இருந்தாய் தெரியுமா' என்று கேட்டால் அவர் எதை வைத்து நம்புவார்?

அதனால் முதல் வேலையாக அந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அழாமல், நடந்தது நடந்தபடி: எந்த நாள், எந்த வளைவு, யார் தூக்கிவந்தார்கள், எத்தனை நாள் கண் திறக்கவில்லை, முதலில் யார் பெயரைச் சொன்னார். வைத்தியசாலையில் தந்த நோய் விவர அட்டையை, அதாவது டயக்னோசிஸ் கார்ட்டை, எடுத்து வைத்து, அதில் எழுதியிருப்பதை விளக்குங்கள். வைத்தியசாலையில் எடுத்த படம் இருந்தால், பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டபிறகு காட்டுங்கள். ஒரே நாளில் முடிக்கவேண்டாம். அவரே மறுபடி கேட்பார். கேட்கும் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சொல்லுங்கள்.

வயதையும் கணக்கில் எடுக்கவேண்டும். மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. 17, 18 வயதில்தான் ஒரு பிள்ளை நண்பர்களையும் வேலையையும் சம்பளத்தையும் வைத்துத் தன்னை அளந்துபார்க்கத் தொடங்குகிறான். தம்பி அந்த அளவையின் நடுவில் விழுந்துவிட்டார். அவர் மனதில் இருக்கும் தன் உருவம் விபத்துக்கு முந்தியது. கொழும்பில் சம்பாதித்து, பெருநாளுக்கு அம்மாவுக்குச் சேலை வாங்கிவந்த இளைஞன். அந்த உருவத்தை நீங்கள் கொப்பியைக் கொண்டு தட்டினீர்கள். அவர் கிழித்தார்.

கொப்பி பற்றி உங்கள்மேல் எனக்குக் குறை இல்லை. எல்லா வீடுகளிலும் அன்பு உள்ளவர்கள்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் பிழைப் பட்டியல் பயன் தருவதில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சனிக்கிழமை வாசித்தால், அவருக்கு அது நடந்ததாகவே நினைவிருக்காது. வீட்டார் சேர்ந்து தன்மேல் ஜோடிக்கிற குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். என்றாலும் அந்தக் கோபத்தில் ஒரு செய்தி இருக்கலாம். முற்றிலும் உணராதவர்களிடம் குறையைச் சொன்னால் புரியாமல் விழிப்பார்கள், அல்லது சிரித்துவிட்டுப் போவார்கள். கோபம் வருகிறதென்றால், எங்கோ ஓரமாகத் தெரியத் தொடங்கி, அதைத் தாங்கமுடியாமல் தள்ளுகிறார் என்றும் கொள்ளலாம். மூளைக் காயமே கோபத்தை முடுக்குவதால் இதைத் திட்டமாகச் சொல்லமுடியாது. காணமுடியாமையும் காண விரும்பாமையும் ஒரே ஆளிடம் கலந்து இருப்பது வழக்கம். எதுவாக இருந்தாலும் வாதாடி ஜெயிக்க முடியாது. வாதாடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பிறகு எப்படித் தெரியவரும்? அவரே செய்து, அவரே கண்டுகொள்ளவேண்டும். இப்போது உங்கள் வீட்டில் அதற்கு வழியே இல்லை என்று நினைக்கிறேன். அம்மா சாப்பாட்டைக் கையில் கொடுப்பார், உடுப்பைத் துவைத்து வைப்பார், நீங்கள் மருந்தை எடுத்துக்கொடுப்பீர்கள். அப்படி இருக்கும்போது தம்பியின் நாள் பிழையே இல்லாமல் கழிகிறது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அவருக்கு எது வேண்டுமோ அங்கிருந்து தொடங்குங்கள். அவருக்குக் கொழும்பும் கடையும் வேண்டும். 'உன்னால் முடியாது' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'கடையில் நிற்க என்னென்ன வேண்டும்?' என்று கேளுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். துணி இருக்கும் தட்டு, விலை, மீட்டர் கணக்கு, இரவு வரை நிற்பது, பத்துத் துணியை விரிக்கச் சொல்லிவிட்டு எதையும் வாங்காமல் போகிறவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பது. அவர் சொல்வதை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, டவுனுக்குப் போய் எட்டுச் சாமான் வாங்கிவரும் வேலை. போகும் முன்னர் மூன்று கேள்விகள்: எட்டில் எத்தனையை மறக்காமல் கொண்டுவருவாய்? எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு மிச்சக் காசு வரும்? பதிலை அவர் எழுதி வைக்கட்டும். துண்டு எழுதிக்கொண்டு போவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். திரும்பி வந்ததும், சூடு ஆறுவதற்குள், எழுதியதையும் பையையும் அவரே ஒப்பிடட்டும். நீங்கள் சும்மா இருங்கள். ஐந்துதான் வந்திருந்தாலும் 'பார்த்தாயா' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் வேலை முழுவதையும் கெடுத்துவிடும். எது நினைத்தபடி நடந்தது என்று முதலில் கேளுங்கள். பிறகு எது நடக்கவில்லை, அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். 'துண்டு எழுதிக்கொண்டு போகிறேன்' என்பது அவர் வாயிலிருந்து வந்தால், உங்கள் கொப்பியின் நூறு பக்கத்துக்கு அது சமம். சில தடவை ஆகியும் வரவில்லையென்றால், 'துண்டு எழுதலாமா, கைபேசியில் குரலைப் பதிந்துகொள்ளலாமா?' என்று இரண்டு வழியைக் கொடுத்து அவரையே தெரிவுசெய்ய விடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். தோற்கவேண்டும் என்பதற்காக எந்த வேலையையும் கொடுக்காதீர்கள். பெரும்பகுதியைச் சரியாகச் செய்யக்கூடிய, ஓரிடத்தில் மட்டும் தடுக்கக்கூடிய வேலையாகப் பார்த்துத் தொடங்குங்கள். திறமையும் குறையும் இரண்டுமே அவர் கண்ணில் படவேண்டும்.

2013இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளைக் காயம் பட்ட 54 பேர் சமைப்பதை வைத்து அது நடந்தது. ஒரு பிரிவினர் தாங்கள் சமைத்ததை வீடியோவில் பார்த்து, சிகிச்சையாளருடன் பேசினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வாய்வழியாக மட்டும் சொல்லப்பட்டது. மூன்றாம் பிரிவினர் சமைத்துப் பழகினார்கள். தங்கள் பிழையைக் காணும் திறன் வீடியோ பார்த்தவர்களுக்கே கூடுதலாக வளர்ந்தது. அதனால் அவர்களின் மனவருத்தம் கூடவும் இல்லை. அவர்கள் வயதுவந்தவர்கள், கூட இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. வீட்டில் செய்வதானால் தம்பியிடம் அனுமதி கேட்டு, அவர் ரொட்டி சுடும்போது அவருடைய கைபேசியிலேயே எடுங்கள். அவரும் நீங்களும் மட்டும் பாருங்கள். நிறுத்தவேண்டிய இடத்தில் அவரே நிறுத்தட்டும். பார்த்து முடிந்ததும் அழித்துவிடலாம். கத்தும்போது ஒருநாளும் படம் எடுக்காதீர்கள். எந்தப் படமும் வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்குப் போகக்கூடாது.

முன்னேற்றம் எப்படி வரும் என்று தெரிந்திருந்தால் மனம் தளராது. இதை மூன்று படியாகப் பிரித்துக் காட்டும் விளக்கமொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் முன்வைத்தார்கள். நாங்கள் இன்னும் அதைப் பயன்படுத்துகிறோம். முதலில் 'எனக்கு மறதி இருக்கிறது' என்று வாயால் சொல்லத் தெரியும். அடுத்து, மறக்கிற அந்த நேரத்திலேயே 'ஐயோ, பால்!' என்று பிடிபடும். கடைசியாக, 'நான் மறந்துவிடுவேன், அடுப்புப் பக்கத்திலேயே நிற்கிறேன்' என்று முன்கூட்டியே தோன்றும். முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். தம்பி ஒருநாள் 'ஆமாம் அக்கா, எனக்கு மறதிதான்' என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பாலைப் பொங்கவிட்டால், ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

லயத்துச் சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே வரிசையில் ஒட்டிய வீடுகள் என்பதால், உங்கள் வீட்டில் பேசுவது பக்கத்துக் காம்பராவில் கேட்கும். நாலுபேர் கேட்கத் திருத்தப்படுவதை எந்த இளைஞரும் பொறுக்கமாட்டார். அவர் பெரியவர்களிடம் எல்லை மீறும்போது அங்கேயே அதட்டாமல், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தை அவரோடு சேர்ந்தே முடிவுசெய்துகொள்ளுங்கள். மணிக்கட்டைத் தொடுவதோ, 'தண்ணீர் குடிக்கிறாயா?' என்று கேட்பதோ போதும். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். வேலை விட்டு எல்லோரும் வந்து, தொலைக்காட்சியும் பிள்ளைகளின் சத்தமுமாக இருக்கும் மாலை நேரத்தில்தான் உங்கள் வீட்டுச் சண்டைகள் நடக்கின்றன என்று ஊகிக்கிறேன். பயிற்சியும் முக்கியமான பேச்சும் காலையில் இருக்கட்டும்.

செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில பிழைகளுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. இந்தப் பகுதியை அப்பாவின் பொறுப்பில் விடுங்கள். வைத்தியர் எழுத்தில் அனுமதிக்கும் வரை மோட்டார் சைக்கிளோ முச்சக்கரவண்டியோ ஓட்டக்கூடாது. தலையில் பலத்த காயம் பட்டவர்களுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொடுத்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. மதுவைத் தொடக்கூடாது, காயம்பட்ட மூளை சிறிதளவு மதுவையும் தாங்காது, வலிப்பையும் அது தூண்டும். 'வேலைக்குப் போனால் சரியாகிவிடும்' என்று யாராவது தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குக் கூட்டிப்போக நினைக்கலாம். கையில் கவ்வாத்துக் கத்தி, காலடியில் சரிவு, ஒரு கால் வேறு இழுக்கிறது. இப்போது வேண்டாம். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். தம்பிக்குத் தெரியத் தொடங்கும் நாளில் வீட்டில் எல்லோரும் ஆறுதலடைவீர்கள். அவர் உடைந்துபோகக்கூடும். 'பழைய ஆள் இனி வரமாட்டான்' என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. நீங்கள் பல மாதங்களாக அழுததை அவர் அன்றைக்குத்தான் தொடங்குகிறார். பேச்சுக் குறைந்தால், நண்பர்களைத் தவிர்த்தால், தூக்கமும் பசியும் மாறினால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அதைப் பிடிவாதம் தளர்ந்ததாக எண்ணித் திருப்திப்படாதீர்கள். தனியாக விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அகற்றுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. நீங்களும் அம்மாவும்கூட அதில் பேசலாம். அம்மாவின் அழுகையை நான் கடந்துபோகவில்லை. அவருக்கும் வாரத்தில் ஒருநாள் தம்பியின் பொறுப்பிலிருந்து விடுதலை வேண்டும். அன்றைக்கு அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வைத்தியர் சிங்களத்தில் கேட்பார், நீங்கள் மொழிபெயர்ப்பீர்கள். தம்பி 'ஒன்றுமில்லை' என்பார். நீங்கள் அதை விட்டுவிட்டு மறதியையும் கோபத்தையும் சொல்வீர்கள். இதனால் தம்பி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது வைத்தியர் காதுக்குப் போவதே இல்லை. வைத்தியர் அறியவேண்டியதோ அவர் நினைப்பதற்கும் நீங்கள் காண்பதற்கும் உள்ள தூரத்தைத்தான். நாங்கள் ஒரே கேள்விகளைக் காயம்பட்டவரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியே கேட்டு அந்தத் தூரத்தைத்தான் பார்க்கிறோம். ஆகவே முதலில் அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் பக்கத்தை ஒரு தாளில் எழுதித் தனியாகக் கொடுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பும்படி நேரடியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால், நடக்கிறார் பேசுகிறார் என்று விட்டுவிடக்கூடும். கண்டி தேசிய வைத்தியசாலை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கலாம். திகனவிலும் ராகமவிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. வேலையிழப்புக்கான உதவி பற்றி உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் டயக்னோசிஸ் கார்ட்டுடன் போய்க் கேளுங்கள்.

கொழும்பு? இப்போது அனுப்பவேண்டாம். புறக்கோட்டை நெரிசலில் காலை முதல் இரவு வரை நிற்பது, இன்றைய நிலையில் அவரைத் தோற்கடித்து மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்படும்போதும் 'என்னைப் பிடிக்காது' என்ற எண்ணம் இன்னும் இறுகும். அதற்காகக் கொழும்பை அவர் மனதிலிருந்து பிடுங்கவும் வேண்டாம். மூளையின் வேகமான மீட்சி முதல் ஆறு மாதத்தில்தான் என்றாலும், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் முன்னேறுபவர்கள் உண்டு. டவுனில் தெரிந்த கடை ஒன்றில், காலையில் இரண்டு மூன்று மணிநேரம், வாரத்தில் சில நாட்கள் நிற்க முடியுமா என்று பாருங்கள். தட்டுகளை அடுக்குவது, சாமான் கணக்கெடுப்பது போன்ற, ஆட்களோடு வாதம் வராத வேலையாக இருக்கட்டும். அங்கேயும் முன்னால் எழுதி, பின்னால் ஒப்பிடும் பழக்கம் தொடரட்டும். சில வாரங்கள் சிக்கலில்லாமல் போனால் நேரத்தைக் கூட்டுங்கள். கொழும்புப் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

அந்தக் கடைக்காரரிடம் கேட்கப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். விபத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதை வீட்டிலேயே அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். அங்கே பேசுவதை அவரிடமே விடுங்கள்.